மட்காட்டுக்குள் இருந்த நீலம்

அப்பா,

நான்கு நாளாக வீட்டுக்குள் பெயின்ற் தின்னர் மணம். கீழே கார் நிற்கும் இடத்திலிருந்து படிக்கட்டு வழியாக ஏறி மூன்றாம் மாடிக்கு வந்துவிடுகிறது. யன்னல்களைச் சாத்தினாலும் நிற்கவில்லை. தலையணையிலும் இருக்கிறது, என் பாடசாலைச் சட்டையிலும் இருக்கிறது.

முன்பு எங்கேயாவது இந்த மணம் வந்தால் நான் நின்று இழுத்து மூச்சு விடுவேன். நீங்களும் நானும் கார் பெயின்ற் அடித்த அந்த இரண்டு நாட்கள் அப்படியே கண்ணுக்குள் வரும். நீங்கள் போன பிறகு அழாமல் நினைக்கக்கூடியதாக எனக்கு இருந்தது அந்த இரண்டு நாட்கள்தான். இப்போது அதே மணம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.

இதைக் குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் இருந்து எழுதுகிறேன். கணித ரியூஷன் கொப்பியின் பின்பக்கம். அம்மா படுத்திருக்கிறார், நித்திரையா என்று தெரியாது. இந்த வீட்டில் யார் நித்திரை, யார் நித்திரை மாதிரிக் கிடக்கிறார்கள் என்று இனி என்னால் சொல்ல முடியாது.

நீங்கள் போய் ஐந்து மாதம். அன்றிலிருந்து கார் துணி போர்த்தபடி நின்றது. அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது, எனக்கு வயது காணாது. விற்கலாம் என்று முடிவெடுத்தார்கள். வாங்குகிறவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்கள். அதற்கு முன் காரைச் சரிபண்ணித் தருவதாக மாமா தெஹிவளையிலிருந்து வந்தார். கட்டாரில் கார் கழுவும் இடத்தில் வேலை செய்தவர் என்பதால் காரைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்பது அவருடைய எண்ணம்.

இடது பக்க முன் சக்கரத்துக்கு மேலே வளைந்து நிற்கும் தகடு, அந்த மட்காட், நாங்கள் அடித்த இடம், இரண்டரை வருட வெயிலில் தனியாகத் தெரியத் தொடங்கியிருந்தது. மற்ற இடமெல்லாம் முட்டைக்கோது நிறம். அது மட்டும் தேத்தண்ணி ஊற்றித் துடைத்த மாதிரி.

மாமா சுற்றி வந்து பார்த்தார். "அத்தான் அடிச்ச பெயின்ற்தானே இது? முகத்தில பிளாஸ்ரர் ஒட்டின மாதிரிக் கிடக்கு."

"செத்த மனிசனைப் பற்றிக் கதைக்காமல் வேலையைப் பார்" என்றார் அம்மா.

"பேசாமல் கராஜுக்குக் குடுப்பமே அக்கா? ஒரு நாள் வேலை."

"கராஜ் வேண்டாம். நீ வீட்டில வைச்சே அடி."

அம்மா அதை மிக விரைவாகச் சொன்னார். அப்போது எனக்கு அது ஒன்றும் இல்லை. இப்போது நினைத்தால், மாமா கேட்டு முடிக்கும் முன்பே அந்தப் பதில் அவரிடம் தயாராக இருந்தது.

சனிக்கிழமை மாமா வோட்டர் பேப்பர் என்ற அரத்தாளால் தேய்க்கத் தொடங்கினார். நான் போத்தலால் தண்ணீர் ஊற்றினேன். முதலில் நான் கலந்த நிறம் கரைந்து ஓடியது. அது எனக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது. பிறகு குழியை நிரப்ப நீங்கள் பூசிய புட்டி வந்தது. அதையும் தேய்த்து ஆழமான இடத்துக்கு வந்தபோது, என் பெருவிரல் நீளத்துக்கு ஒரு நீலக் கீறல்.

மாமா கையை எடுத்தார். "இதென்னடி நீலம்?"

"தெரியாது மாமா."

"போஸ்ற் கம்பத்தில தட்டினது எண்டுதானே அத்தான் சொன்னவர். எந்த ஊரில நீலப் போஸ்ற் நிக்குது?" சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. தலையை உயர்த்தி எங்கள் வீட்டு யன்னலைப் பார்த்தார். "அம்மாட்டச் சொல்லாத. மனிசி சும்மா யோசிச்சுக்கொண்டு கிடக்கும்" என்றார். புட்டிக் கிண்ணத்தைக் கழுவக்கூட இல்லை, உடனே குழைத்துப் பூசத் தயாரானார். அவர் குழைக்கும் நேரத்தில் நான் கவராயத்தின் முனையால் ஒரு சிறு செதிளைக் கிளப்பி, ரேப்பில் ஒட்டிக் கொப்பி அட்டைக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் என்று எனக்கே அப்போது தெரியாது.

முதலில் நான் மாமாவைத்தான் சந்தேகித்தேன். மூன்று நான்கு தரம் உங்களிடம் கார் இரவல் வாங்கியவர். எங்கேயோ இடித்துவிட்டு உங்களைக் கொண்டு மூடச் செய்திருக்கிறார் என்று நினைத்து, அன்று முழுக்க அவருக்கு ஆத்திரத்தோடுதான் தேத்தண்ணி கொடுத்தேன். பிறகு கணக்குப் பார்த்தேன். நாங்கள் பெயின்ற் அடித்தபோது அவர் கட்டாரில். பெயின்ற் அடிக்கும் முன் சுவரில் நான் ஸ்பிரே அடித்துப் பார்த்ததைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பியது இன்னும் என் ஃபோனில் இருக்கிறது.

அப்படியென்றால் காரை ஓட்டியது நீங்கள் மட்டும்தான்.

கார் அடிபட்ட அன்று பின்னேரம் நீங்கள் வந்ததை நினைத்துப் பார்க்கிறேன். நல்ல மழை. ஒருகொடவத்தை கொன்டெய்னர் யார்ட்டில் வேலை முடிந்து வழக்கத்தைவிட ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தீர்கள். கதவைத் திறந்தது நான்தான். சட்டை உடம்போடு ஒட்டி, தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "யார்ட்டில ஒரு போஸ்ற்றில காரைத் தட்டிப்போட்டன்" என்று என்னிடம் சொன்னீர்கள். நான் கேட்கவே இல்லை. காரில் வந்தவர் அப்படி நனைவாரா? அதையும் நான் கேட்கவில்லை. துவாய் எடுத்துத் தந்துவிட்டு என் சித்திரக் கொப்பிக்குத் திரும்பிப் போய்விட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நீங்கள் கார்ச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய் ஒரு டின் பெயின்ற் வாங்கி வந்தீர்கள். பொனட்டுக்குள் இருக்கும் தகட்டில் நிறத்தின் இலக்கம் உண்டு, அதைக் கொடுத்துக் கலந்து வாங்கினால் அதே நிறம் வரும் என்று சொன்னீர்கள். கணக்கெழுதும் ஆள் நீங்கள், இலக்கத்தை நம்புகிறவர். ஒரு தகரத்தில் பூசிப் பார்த்தபோது உங்கள் முகம் விழுந்துவிட்டது. அது வெள்ளையாகப் பளிச்சென்று வேறு ஏதோ கார் மாதிரி இருந்தது.

"பிழையான டின்னைத் தந்திட்டாங்கள்" என்றீர்கள்.

நான் கார்க் கதவைத் திறந்து, கதவு மூடும் உள்பக்கத்தில் அந்தத் தகரத்தை வைத்தேன். அப்படியே பொருந்தியது. வெயில் படாத இடம் அது. "அப்பா, இது சரியான நிறம்தான். எங்கட கார்தான் மாறிப்போச்சு" என்றேன். பதினான்கு வருடமாகக் கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி வெயிலிலும் உப்புக்காற்றிலும் நின்ற கார் அது. பிறந்த நிறத்தைப் பூசினால் பொருந்தாது. பழசான நிறத்தைத்தான் உண்டாக்க வேண்டும்.

யோகட் கோப்பைகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கறுப்பு ஒரு துளி, காவி மஞ்சள் நக நுனியளவு, ஐஸ்கிரீம் குச்சியால் கலக்கினேன். பால்மா டின் மூடிகளில் பூசிக் காயவைத்தோம். ஈரத்தில் பொருந்துவது காய்ந்தால் ஒரு படி இருண்டுவிடும் என்று இரண்டாவது மூடியில்தான் பிடிபட்டது. ரியூப்லைற்றில் சரியாக இருந்தது காலை வெயிலில் பச்சை அடித்தது. பதினோராவது மூடியைக் காரில் வைத்தபோது அதன் விளிம்பு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. நான் கத்தினேன். கீழ் வீட்டு ஆன்ரி ஓடி வந்து என்ன என்று கேட்டார்.

நீங்கள் குனிந்து, தள்ளி நின்று, கண்ணாடியைக் கழற்றி, திரும்பப் போட்டுப் பார்த்தீர்கள். "ஒருத்தராலும் கண்டுபிடிக்கேலாது" என்றீர்கள்.

எத்தனை பேரிடம் நான் அதைச் சொல்லியிருப்பேன் அப்பா! சித்திர மிஸ்ஸிடம்கூடச் சொன்னேன். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பரிசு மாதிரி அதை வைத்திருந்தேன். அதைச் சொல்லும்போது நீங்கள் சிரித்தீர்களா என்று இந்த நான்கு நாளாக யோசிக்கிறேன். சிரிக்கவில்லை. புட்டி பூசும் நேரத்தில் என்னை மேலே போய்த் தண்ணீர் கொண்டு வரச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. தண்ணீர்ப் போத்தல் உங்கள் காலடியிலேயே இருந்தது.

இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது. உங்கள் வேலை இடம் முழுக்கக் கொன்டெய்னர்கள். அவற்றில் பாதி நீலம். ஒருவேளை போஸ்ற் இல்லை, கொன்டெய்னர் மூலையில் தட்டியிருக்கலாம். முதலாளிக்குப் பயந்து போஸ்ற் என்று சொல்லியிருக்கலாம். நான் அதை மிகவும் விரும்பினேன். ஆனால் நீங்கள் என்னை ஒரு தரம் அங்கே கூட்டிக்கொண்டு போனபோது நான் கை வைத்துப் பார்த்த நீலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது வெளுத்த, சாம்பல் அடித்த, தொட்டால் கையில் மா மாதிரி ஒட்டுகிற நீலம். என் செதிள் தடிப்பானது, மினுமினுப்பானது. குறுக்காகப் பார்த்தால் நீலத்துக்கு அடியில் சிவப்பு, அதற்கும் அடியில் வேறொரு நீலம். வருடா வருடம் யாரோ மேலே மேலே பூசிய சாமான்.

ஞாயிற்றுக்கிழமை மாமா பொலிஷ் துணியைத் தன் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். நான் எடுத்து வருகிறேன் என்று தெஹிவளைக்குப் போனேன். துணியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு இறங்கினேன். வள்ளங்கள் மணலில் ஏற்றிக் கிடந்தன. ஒவ்வொன்றாகச் செதிளைப் பிடித்துப் பார்த்தேன். ஐந்தாவது வள்ளத்தில் செதிள் காணாமல் போனது. அதே நீலம்.

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "மொனவத நங்கி பலன்னே?" என்றார். என்ன பார்க்கிறாய் தங்கச்சி என்று. "பாட்ட" என்றேன், நிறம் என்று. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த நிறம் வேறு எதற்கெல்லாம் அடிப்பார்கள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். வள்ளத்துக்குப் பூசி மிஞ்சினால் மீன் பெட்டிக்கு, மீன் விற்கிற சைக்கிளுக்கு என்றார்.

மீன் என்றதும் நான் செதிளைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மீன். எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் மரக்கறிதான். நான் பிறந்ததிலிருந்தே அப்படி. பெயின்ற் அடித்து இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு செவ்வாய் பின்னேரம் நீங்கள் மீன் பையோடு வந்து நின்றீர்கள். கொட்டாஞ்சேனை அந்தோனியார் கோயிலுக்குப் போனதாகச் சொன்னீர்கள். அது ஒன்றும் புதினம் இல்லை, செவ்வாயில் சைவக்காரரான எங்கள் ஆட்களும் போகிற கோயில்தான். ஆனால் மீன்?

"செவ்வாய்க்கிழமை ஆராவது மீன் வாங்கிக்கொண்டு வருவினமே? உங்களுக்கு என்ன மூளை கழண்டு போச்சே?" என்று அம்மா கத்தினார்.

"நல்ல மீன் கண்டன்" என்றீர்கள். அதைக் கொண்டுபோய்க் கீழ் வீட்டு ஆன்ரியிடம் கொடுத்தீர்கள்.

அடுத்த செவ்வாயும். அதற்கடுத்த செவ்வாயும். ஆன்ரி ஒரு நாள் கேட்டேவிட்டார்: "சேர், உங்கட ஊட்டுல திங்கமாட்டீங்கண்டு தெரிஞ்சிக்கிட்டே என்னத்துக்கு வாங்குற? எங்கட புள்ளையளுக்கு இப்ப செவ்வாக்கெழம எண்டாலே மீன் சேர் வாற நாள்தான்." நீங்கள் ஏதோ முணுமுணுத்துவிட்டு மேலே ஏறினீர்கள். நீங்கள் எங்களை விட்டுப் போகும்வரை அந்தச் செவ்வாய் மீன் நிற்கவில்லை. அம்மாவின் சத்தம்தான் நின்றது. மூன்றாவது நான்காவது கிழமையோடு அம்மா கத்துவதை விட்டுவிட்டார். பழகிவிட்டது என்று நான் நினைத்தேன்.

இன்று செவ்வாய். பாடசாலை முடிந்ததும் ரியூஷன் என்று சொல்லிவிட்டுப் புறக்கோட்டை பஸ்ஸில் ஏறி, அங்கேயிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தனியாக அவ்வளவு தூரம் போனதில்லை. பஸ் நின்ற ஒவ்வொரு ஹோல்ட்டிலும் யாராவது தெரிந்தவர் ஏறுவாரோ என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். கோயிலில் நல்ல சனம். மெழுகுதிரிச் சூட்டில் வெளியே நிற்கும்போதே முகம் வேர்த்தது. நான் உள்ளே போகவில்லை. பக்கத்து ஒழுங்கைகளில் மீன் விற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

மூன்றாவது ஒழுங்கையின் திருப்பத்தில் அந்தப் பெட்டி இருந்தது. சைக்கிளில் இல்லை, ஒரு பழைய மர வாங்கின் மேல். பக்கத்தில் ஸ்டூலில் ஒருவர் இடது காலை நீட்டியபடி இருந்தார். அந்தக் கால் முழங்காலுக்குக் கீழே பிழையான பக்கம் திரும்பியிருந்தது. பெட்டி நீலம். ஒரு மூலைப் பலகை மட்டும் புதிது. அதற்கும் நீலம்தான் பூசியிருந்தார், ஆனால் பொருந்தவில்லை. அவரும் பழைய நிறத்தைத் தேடிப் பார்த்திருக்கிறார். நான் பழைய பலகையில் செதிளை வைத்தேன்.

அது மறைந்துவிட்டது அப்பா.

"என்ன மகள், மீன விட்டுட்டு பெட்டிய பாக்குற? பெட்டி விக்கிறதுக்கு இல்ல" என்றார்.

"இந்த மூலை உடைஞ்சதா அங்கிள்?"

"மூல மட்டுமா? இந்தா, காலுந்தான்." காலைத் தட்டிக் காட்டினார். "ரெண்டு ரெண்டரை வருசம் இருக்கும். மழை. சைக்கிள்ல இந்த வளைவுல திரும்புறேன், பின்னால வந்து அடிச்சிட்டான். நான் ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம். கெடந்துகிட்டு பாக்குறேன், அந்தக் கார் கொஞ்சம் முன்னுக்குப் போய் நிக்கிது. பின் லைட்டு சிவப்பா எரியிது. எறங்குவான், எறங்குவான்னு பாத்தேன். போயிட்டான்."

"என்ன நிறக் கார்?"

"நல்லா கேட்டீங்க! மூஞ்சி முழுக்க மீன் தண்ணி, இதுல கலரா தெரியும்?" சிரித்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "எங்க இருந்து மகள் வாறீங்க? பாத்த முகம் மாதிரிக் கெடக்கு."

வெள்ளவத்தை என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"வெள்ளவத்தையா? நம்மகிட்ட வெள்ளவத்த சேர் ஒருத்தர் வருவாரு. கண்ணாடி போட்டவரு, பொக்கட்ல ரெண்டு பேனை. மீன் பாக்கவே தெரியாத மனுசன். செவுளத் தூக்கிப் பாக்கமாட்டாரு, ஒண்டும் கேக்கமாட்டாரு. குடுக்கிறத வாங்கிட்டுப் போவாரு. கெட்ட மீனக் குடுத்தாலும் தலைய ஆட்டுவாரு. அதுனாலயே அவருக்கு நான் கெட்டதக் குடுத்ததே இல்ல. என்ட காலுக்கு எண்ணெய்கூட வாங்கியாந்து குடுத்தாரு, தெரியுமா? அஞ்சாறு மாசமா காணல்ல. வெளிநாடு கிளிநாடு போயிட்டாரோ என்னவோ."

"செத்துப்போனார்" என்றேன். "அது எங்கட அப்பா."

அவர் கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தார். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு பெட்டிக்குள் கையை விட்டு, அடியில் ஐஸ் போட்டு வைத்திருந்த ஒரு பாரை மீனை எடுத்துப் பையில் சுற்றி என் கையில் திணித்தார். நான் பேர்ஸைத் திறந்ததும் கையைத் தட்டிவிட்டார். "சேரிட மகள்கிட்டயா? வச்சிக்கங்க. அடுத்த செவ்வா வாங்க, அப்பா பேர்ல ஒரு திரி கொளுத்துவம்."

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மீனை அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். நன்றிகூடச் சொல்லவில்லை.

பஸ்ஸில் மீன் தண்ணீர் என் வெள்ளைச் சட்டையில் வடிந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டார். கொண்டக்டர் இனிமேல் மீனோடு ஏற வேண்டாம் என்றார். எங்கேயாவது போட்டுவிட்டு இறங்கலாம் என்று இரண்டு தரம் நினைத்தேன். முடியவில்லை.

வீட்டுக்கு வந்து நேராகக் குசினிக்குள் போய் அம்மாவின் முன்னால் பையை வைத்தேன். ரியூஷனுக்குப் போனவள் செவ்வாய்க்கிழமை மீனோடு வந்து நிற்கிறேன். எங்கே போனாய் என்று கேட்பார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அம்மா பையைத் திறந்து பார்த்தார். திரும்ப மூடினார்.

"அவருக்கு இப்ப கால் எப்பிடி?" என்றார்.

கீழே மாமா ஸ்பிரே துவக்கை அடித்துப் பார்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அண்டைக்கே தெரியும்." அம்மா என்னைப் பார்க்காமல் அடுப்பு மேடையைத் துடைத்தார். "உன்ர அப்பா நிக்காமல் வரேல்லை. அடுத்த ஒழுங்கையில காரை விட்டிட்டுத் திரும்பி நடந்து போனவர். சனத்துக்குள்ள நிண்டவர். அந்த மனிசனை ஓட்டோவில ஏத்திறமட்டும் மழையில நிண்டிட்டுத்தான் வந்தவர். பொலிசுக்குப் போகப்போறன் எண்டு சட்டை மாத்தினவர். நான்தான் கதவைப் பூட்டினனான்."

"ஏன்?"

"பொலிஸ் வாசல் எப்பிடியெண்டு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது." சீலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். "கராஜுக்குக் குடுத்தால் கேப்பாங்கள் எண்டு வீட்டில அடிக்கச் சொன்னதும் நான்தான். நிறம் வராதெண்டு அவர் சொல்ல, பிள்ளை பாப்பாள், அவளுக்கு நல்ல கண் எண்டு சொன்னதும் நான்தான்."

உங்களுக்கு நான் தேவைப்பட்டேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மேசையில் என்னைப் பற்றி இரண்டு பேரும் பேசி முடிவெடுத்திருக்கிறீர்கள். கறுப்பு ஒரு துளி, காவி நக நுனியளவு என்று நான் குதித்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டில் தெரியாதவள் நான் ஒருத்திதான்.

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லாமல் விட்டது உனக்கு நல்லதுதானே."

"எனக்கோ, உங்களுக்கோ?"

அப்படி நான் அம்மாவிடம் பேசியதே இல்லை. அம்மா துடைத்த மேடையையே திரும்பத் துடைத்தார். பிறகு, புட்டிக்கு உள்ளே கிடந்த நீலத்தை ஏன் அப்பா தேய்க்கவில்லை என்று கேட்டேன். நான்கு பிடி தேய்த்தால் போயிருக்கும். அதுதான் எனக்கு விளங்காமல் இருந்தது. "தேய்க்கச் சொன்னனான். மாட்டன் எண்டிட்டார். அது ஒண்டில மட்டும் என்ர சொல்லுக் கேக்கேல்லை" என்றார் அம்மா.

அந்த நேரம் கீழேயிருந்து மாமா கூப்பிட்டார். "பிள்ளை! இஞ்ச வா, எந்த நிறம் பொருந்துது எண்டு பார்!"

போனேன். மூன்று மூடி வைத்திருந்தார். மூன்றும் இலக்கத்தைக் கொடுத்து வாங்கி வந்த டின்னிலிருந்து, கொஞ்சம் வெள்ளை கூட்டியும் குறைத்தும் செய்தவை. எல்லாம் பிறந்த நிறம். உங்கள் பிழையையே அவரும் செய்திருந்தார். எது குறைகிறது என்று பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது.

"மூண்டும் சரியில்லை மாமா."

"அப்ப நீ கலந்து தாவன். நீதானே அண்டைக்குக் கலந்தனி."

"எனக்குத் தெரியாது."

"சித்திரத்தில ஏ எடுக்கிற பெரிய ஆளாம்! ஒரு முட்டைக்கோதுக்கு வழியில்லை." மூடிகளைத் தூக்கி எறிந்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அவர் பாவம். அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை அவர் யன்னலைப் பார்த்தது அக்காவை நினைத்த பயத்தில்தான்.

நான் மேலே வந்தபோது மீன் பை இல்லை. அம்மா தானே கீழ் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். சாப்பாட்டின்போது அடுத்த செவ்வாய் போய் அந்த அங்கிளிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், அதுவரை காரை விற்க வேண்டாம் என்றேன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அந்த மனிசனிட்டை ஒரு நல்ல சேர் இருக்கிறார். அவரைப் போய்ப் பறிக்கப்போறியே?" என்றார்.

அதைத்தான் இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எண்ணெய் கொண்டு போனது பொய்யில்லை. ஒவ்வொரு கிழமையும் போய் நின்றதும் பொய்யில்லை. ஆனால் அவர் ஸ்டூலில் இருந்து உங்களுக்கு நல்ல மீனாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தபோது, நீங்கள் எல்லாம் தெரிந்துகொண்டு நின்றீர்கள், அவர் ஒன்றும் தெரியாமல் இருந்தார். நானும் அப்படித்தான் யோகட் கோப்பையோடு நின்றேன். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவரை அப்படியே விட என்னால் முடியாது.

எனக்குப் பயம் அப்பா. அவர் கத்துவாரா, சனம் கூடுமா, பொலிஸ் வருமா, அம்மாவை என்ன செய்வார்கள், ஒன்றும் தெரியாது. உங்களை அவர் திட்டினால் நான் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் எல்லாவற்றையும்விடப் பயம். ஏனென்றால் உங்களில் எனக்கு இன்னும் கோபம் முழுதாக வரவில்லை. மழையில் சனத்துக்குள் நின்ற உங்களை நினைத்தால் குடை கொண்டு வரவேண்டும் போல இருக்கிறது. அதே நேரம், நாலடி முன்னுக்கு வந்திருக்கலாமே என்று உலுக்கவும் வேண்டும் போல இருக்கிறது.

உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நாலடிதான். அதை நான்தான் நடக்க வேண்டும்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று இந்தக் கொப்பியில் ஐந்தாறு விதமாக எழுதி வெட்டினேன். ஒரு வசனம் மட்டும் நிற்கிறது. அதற்கு அடுத்தது என்னவென்று அங்கே போய் நின்றால்தான் வரும். இப்போது வாய்க்குள் சொல்லிப் பழகுகிறேன், அம்மாவுக்குக் கேட்காமல்:

"அங்கிள், அண்டைக்கு அந்தக் காரில வந்தது எங்கட அப்பா."